மூடியின் மேல் போட்ட கட்டில்

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அப்புறம் ஆளாளுக்கு என்னிடம் வந்து உச்சுக்கொட்ட வேண்டாம். எங்கள் பின்முற்றத்தில் சாக்கடை மேன்ஹோல் இருந்தது எனக்குத் தெரியும். தெரியாது என்று நான் யார் யாரிடம் சொன்னேனோ அத்தனையும் பச்சைப் பொய். நாற்பத்து மூன்று வருஷமாக அந்த இரும்பு மூடியை மிதித்துக்கொண்டுதான் துணி காயப்போட்டிருக்கிறேன்.

டென்பி தெருவில் எங்கள் வரிசையில் எட்டு வீடுகள். ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்டு சரிவில் இறங்கி வருகிற வீடுகள். கடைசி வீடு, பதினாறாம் எண், எங்களுடையது. மேலே இருக்கிற ஏழு வீட்டுச் சமையலறைத் தண்ணீர், குளித்த தண்ணீர், மற்ற கண்ணராவி எல்லாம் ஒரே மண்குழாயில் இறங்கி, எங்கள் முற்றத்துக்கு அடியில் போய்த்தான் பின்சந்துக் குழாயில் சேரும். அடைத்துக்கொண்டால் எங்கள் மேன்ஹோலைத் திறந்துதான் குத்திவிட வேண்டும்.

குத்திவிடுகிற வேலை என் புருஷன் ஹெட்லியுடையது. அவர் மெத்தைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர், சாக்கடைக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. யாரும் அவரைக் கேட்கவும் இல்லை. வருஷா வருஷம் அக்டோபர் கடைசி ஞாயிறு, குளிர்காலத்துக்காக ஊரே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளி வைக்கிற அன்று, மூடியைக் கடப்பாரையால் நெம்பித் திறப்பார். கம்புகளை ஒன்றோடொன்று திருகி நீட்டி உள்ளே விடுவார். வரிசையே தேநீர்க் கோப்பையோடு வந்து சுற்றி நிற்கும். "இது யார் வீட்டுக் கொழுப்பு? ஞாயித்துக்கிழமை கறி வறுத்த கொழுப்பை ஜாடியில ஊத்துங்கன்னு எத்தனை தடவை சொல்றது? பவுலா, உன்னைத்தான்!" என்று கத்துவார். எல்லோரும் சிரிப்பார்கள். பிறகு அரசாங்கம் சட்டம் போட்டு அந்தக் குழாயெல்லாம் தண்ணீர் கம்பெனியின் பொறுப்பு என்று ஆக்கிவிட்டது. இவர் கேட்டால்தானே. "கம்பெனிக்காரன் வர்றதுக்குள்ள கழுத்து வரைக்கும் வந்துரும்," என்பார்.

அப்படிப்பட்ட மனிதர் ஒரு மார்ச் மாதக் காலையில் ஷூ கயிறு கட்டும்போது சரிந்து விழுந்தார். பக்கவாதம். வலது பக்கம் முழுக்கப் போய்விட்டது. பேச்சும் போய்விட்டது. மிச்சம் இருந்தது ஒரே ஒரு வார்த்தை, "சரி சரி". கோபம் வந்தாலும் சரி சரி, பசித்தாலும் சரி சரி, என்னைப் பார்த்துச் சிரிக்கும்போதும் சரி சரி. தொனியை வைத்து நான் புரிந்துகொள்வேன். கல்யாணம் ஆன புதிதில் நிறையப் பேசினாரே, அப்போதுகூட எனக்கு இவ்வளவு புரிந்ததில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து அவரைக் குன்றின் மேல் இருக்கிற முதியோர் பராமரிப்பு இல்லத்துக்கு அனுப்பினார்கள். நல்ல இடம்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் நான் கிளம்பும்போது ஒவ்வொரு தடவையும் என் கோட்டுக் கையை இடது கையால் பிடித்துக்கொள்வார். ஒவ்வொரு விரலாக நான் பிரித்துவிட்டு வரவேண்டும். ஒன்றரை வருஷம் இப்படி விரல் பிரித்தேன்.

சமூக நல அலுவலகத்திலிருந்து வந்த பெண் தெளிவாகச் சொன்னாள். "ஐரீன், மாடிப்படி இனிமே அவருக்கு நடக்காத காரியம். கீழேயே ஒரு படுக்கையறை, கூடவே குளியலறை இருந்தா நாளைக்கே வீட்டுக்கு அனுப்பலாம். ஆனா அக்டோபர் முடியறதுக்குள்ள இருக்கணும். அதுக்கப்புறம் இல்லத்துலயே நிரந்தரம்னு எழுதிருவாங்க. எழுதிட்டா மாத்தறது கஷ்டம்."

எனக்கு ஹெட்லி வீட்டுக்கு வர வேண்டும். அவ்வளவுதான். வேறு ஒன்றும் இந்த உலகத்தில் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

கட்டட வேலை செய்கிற ஷேனைக் கூப்பிட்டேன். நாற்பது வயசு, நல்ல பையன், எல்லாப் பெண்களையும் கண்ணு என்றுதான் கூப்பிடுவான், எழுபத்தொரு வயசானாலும் விலக்கில்லை. முற்றத்தில் நின்று மூடியைக் காலால் தட்டிப் பார்த்தான்.

"ஐரீன் கண்ணு, இது பொதுச் சாக்கடை. இதுக்கு மேல கட்டணும்னா தண்ணி கம்பெனிகிட்ட அனுமதி வாங்கணும். மேன்ஹோல வீட்டுக்குள்ள வெக்க விடவே மாட்டாங்க. வெளிய நகர்த்தச் சொல்வாங்க."

"நகர்த்து."

"எங்க நகர்த்த? ரூம் போக உனக்கு முற்றத்துல ரெண்டடி மிச்சமிருக்கு. அதுல பூனை படுக்கலாம்."

"அனுமதி கேட்டா எவ்வளவு நாளாகும்?"

"குழாய்க்குள்ள கேமரா விட்டுப் பாப்பாங்க, வரைபடம் கேப்பாங்க, திரும்ப வரைபடம் கேப்பாங்க. வசந்தம் வந்துரும். அப்புறமும் முடியாதுன்னுதான் சொல்வாங்கன்னு நினைக்கறேன்."

"அப்ப நீ மூடியைப் பாக்கல."

"இப்பத்தானே அதுமேல நிக்கறேன்!"

"நிக்கற. ஆனா பாக்கல. ஷேன், உனக்கு மனசு வரலேன்னா சொல்லு, வேற ஆளைக் கூப்பிட்டுக்கறேன். அவன் உன்னைவிட மோசமாக் கட்டுவான், அது உன் தலைமேல."

அவன் கன்னத்தைச் சொறிந்தான். கேட்டுக்கு வெளியே போய் ஒரு சிகரெட் பிடித்தான். திரும்பி வந்து, "அப்ப அந்தப் பூத்தொட்டியைத் தூக்கி இது மேல வெப்போம்," என்றான்.

என்னிடம் ஒரு பெரிய ஹைட்ரேஞ்சா தொட்டி இருந்தது. இரண்டு பேர் சேர்ந்து தூக்க வேண்டிய கனம். அதை மூடியின் மேல் வைத்தோம். அஸ்திவாரம் தோண்டும்போது குழியின் குறுக்கே பழைய மண்குழாய் பல்லைக் காட்டியது. ஷேன் அதன் மேல் பலகையைப் போட்டு, பலகை மேல் மணல் மூட்டையைப் போட்டான்.

நகராட்சியிலிருந்து ஆய்வாளர் வந்தார். இளைஞர், மஞ்சள் சட்டை, மரியாதையான பேச்சு. கையில் தண்ணீர் கம்பெனியின் வரைபடம். அதில் எங்கள் வரிசைக்குப் பின்னால் வெறும் வெள்ளை. பழைய குழாய்களை யாரும் வரைந்து வைக்கவே இல்லை.

"மிஸஸ் ஹார்க்கர், இந்த முற்றத்துக்கு அடியில எதாவது சாக்கடை போகுதா? படத்துல இல்ல, இருந்தாலும் கேட்டுக்கறேன்."

"இல்லையே. எல்லாம் பின்சந்துல போகுது," என்றேன். நாக்கு ஒரு இடத்தில்கூடத் தடுக்கவில்லை.

பக்கத்து முற்றத்தில் பவுலா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். பதினாலாம் எண். இருபது வருஷம் அந்த மேன்ஹோலைச் சுற்றி நின்று ஹெட்லியிடம் திட்டு வாங்கியவள். நான் சொன்னது அவள் காதில் தெளிவாக விழுந்தது. என்னைப் பார்த்தாள், தொட்டியைப் பார்த்தாள், ஆய்வாளரைப் பார்த்தாள்.

"இன்னிக்கு வெயில் பரவாயில்லல்ல?" என்றாள்.

எங்கள் தெருவில் அப்படித்தான். அடுத்த வீட்டு விஷயத்தில் வாயைத் திறந்தால் அது அநாகரிகம். வீடு தீப்பிடித்தால்கூட, தொந்தரவுக்கு மன்னிக்கணும் என்று ஆரம்பித்துத்தான் சொல்வார்கள். அன்றைக்கு அந்தப் பழக்கத்துக்காகக் கடவுளுக்கு நன்றி சொன்னேன். முட்டாள் நான்.

தொட்டியை எடுத்து, மூடியின் மேல் தகடு போட்டு, அதன் மேல் கான்கிரீட் கொட்டினான் ஷேன். சுவர் எழுந்தது, கூரை வந்தது, குளியலறைக்குக் கைப்பிடிகள் வந்தன. கழிப்பறைக் குழாயை அதே சாக்கடையில் சேர்த்தான், வேறு எதில் சேர்ப்பது.

அக்டோபர் கடைசி ஞாயிறு வந்தது. கடிகாரத்தை மாற்றினேன். யாரும் தேநீர்க் கோப்பையோடு வரவில்லை. பதினோரு மணிக்குப் பின்கதவைத் தட்டினார்கள். பன்னிரண்டாம் எண் ஹனீஃப். ஹெட்லி விழுந்த பிறகு அந்தக் கம்புகளை அவர்தான் வாங்கி வைத்திருந்தார். அன்று பழைய கால்சட்டை, ரப்பர் பூட்ஸ் எல்லாம் போட்டுக்கொண்டு, கம்புக் கட்டைத் தோளில் சுமந்து நின்றார். ஹெட்லிக்குப் பதிலாகத் தான் குத்திவிடலாம் என்று வந்திருக்கிறார் மனிதர். புதுச் சுவரை மேலும் கீழும் பார்த்தார். அவர் முகம் போன போக்கை நான் பார்த்தேன்.

"சும்மாதான் வந்தேன் ஐரீன். இந்தக் கம்புகளை உங்க ஷெட்ல வெச்சிட்டுப் போலாமேன்னு."

"ஷெட்டை இடிச்சாச்சு ஹனீஃப்."

"ஆமால்ல. சரி, நானே வெச்சுக்கறேன். ரூம் ரொம்ப நல்லா வந்திருக்கு. ஹெட்லி எப்ப வர்றார்?"

"ஒன்பதாந் தேதி."

"அதுதான் முக்கியம்," என்று சொல்லிவிட்டுக் கம்புகளைத் தூக்கிக்கொண்டு போனார்.

ஒன்பதாம் தேதி ஹெட்லி வந்தார். சக்கர நாற்காலியைச் சமையலறை வழியாகத் தள்ளி அறைக்குள் கொண்டுபோனேன். ஜன்னலைப் பார்த்தார், திரைச்சீலையைப் பார்த்தார், கட்டிலைப் பார்த்தார். அப்புறம் தரையைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பின்கதவிலிருந்து எத்தனை எட்டு என்று அளக்கிறது போலக் கண் போய் வந்தது. நேராகக் கட்டிலுக்கு அடியில் வந்து நின்றது.

"சரி சரி?" என்றார். கேள்வி.

"ஆமா, உன் ரூம்தான். பிடிச்சிருக்கா?"

இடது கையை நீட்டிக் கட்டிலுக்கு அடியில் காட்டினார். "சரி சரி!" இது கோபம்.

"செருப்பா? செருப்பு இங்க இருக்கு பாரு," என்றேன்.

எனக்குப் புரியாமலா? நன்றாகப் புரிந்தது. நான்கு நாள் அவர் தரையைக் காட்டினார், நான்கு நாளும் நான் செருப்பை எடுத்துக் கொடுத்தேன். ஒரு முறை ஊன்றுகோலால் தரையை டங் டங் என்று தட்டினார். ஐந்தாம் நாள் நிறுத்திவிட்டார். கையைத் தூக்கி என் கன்னத்தில் வைத்து மெதுவாக, "சரி சரி," என்றார். மன்னித்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். நமக்கு வேண்டியதைத்தானே நாம் நினைத்துக்கொள்வோம்.

அந்த வாரங்கள் எப்படி இருந்தன என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். காலையில் அவருக்கு வெண்ணெய் தடவிய ரொட்டி, முட்டை. ஜன்னலுக்கு வெளியே அந்த இரண்டடி இடத்தில் கொட்டைகள் தொங்கவிட்டேன், குருவிகள் வந்தன. குதிரைப் பந்தயம் பார்த்துக்கொண்டே தூங்கிவிடுவார். நான் பக்கத்தில் உட்கார்ந்து பின்னுவேன். கிளம்புகிற நேரம் என்று ஒன்று இல்லை. விரல் பிரிக்கிற வேலை இல்லை. பைத்தியம் மாதிரி சந்தோஷமாக இருந்தேன்.

டிசம்பர் பிறந்ததும் குளியலறை வடிகால் குளுக் குளுக் என்று பேச ஆரம்பித்தது. ஹெட்லி தலையைச் சாய்த்துக் கேட்பார். என்னைப் பார்ப்பார். நான் டிவி சத்தத்தைக் கூட்டினேன்.

கிறிஸ்துமஸ் அன்று ஒரு கோழி வறுத்தேன், இரண்டு பேருக்கு அது போதும். பண்டிகை வழக்கப்படி அவர் தலையில் காகிதக் கிரீடம், என் தலையில் ஒன்று. புட்டிங்கில் இரண்டு கரண்டி கூடவே சாப்பிட்டார். மூன்றரை மணி இருக்கும். வரிசை முழுக்க எல்லா வீட்டிலும் சாப்பிட்டு முடித்துப் பாத்திரம் கழுவுகிற நேரம். மேல் வீடுகளின் வான்கோழிக் கொழுப்பு, எட்டு வீட்டுச் சுடுதண்ணீர்.

குளியலறை வடிகாலிலிருந்து முதலில் ஒரு குமிழ் வந்தது. அப்புறம் சாம்பல் தண்ணீர், அதில் கொழுப்பும் கோஸ் இலையும். துண்டை எடுத்து அமுக்கினேன். துண்டைத் தூக்கிக்கொண்டு வந்தது. அப்புறம் கழிப்பறையே பொங்கியது. என்ன வந்தது என்று சொல்ல வேண்டியதில்லை. தரை முழுக்கப் பரவிக் கட்டில் காலைத் தொட்டது. ஹெட்லி கிரீடத்தோடு படுத்திருந்தார். என்னால் அவரைத் தூக்க முடியவில்லை. இழுத்தேன், கட்டிலிலிருந்து குப்புறச் சரிந்து அந்தத் தண்ணீரிலேயே விழுந்தார். ஐயோ, அந்தத் தண்ணீரில். நான் போட்ட கூச்சலில் பவுலா ஓடி வந்தாள், ஹனீஃபும் வளர்ந்த மகன்கள் இரண்டு பேரும் வந்தார்கள். கால் நனைய உள்ளே இறங்கி, அவரைப் போர்வையில் சுற்றித் தூக்கிக்கொண்டு முன்னறைக்குப் போனார்கள். ஆம்புலன்ஸ் வந்தது. அந்த அழுக்குத் தண்ணீர் நெஞ்சுக்குள் போய்விட்டதாம், நுரையீரலில் சளி கட்டிக்கொண்டது. மூன்று வாரம் ஆஸ்பத்திரி. அங்கிருந்து நேராக இல்லம்.

தண்ணீர் கம்பெனி ஆட்கள் மறுநாளே வந்து, பின்சந்திலிருந்து குழாயை விட்டுக் குத்தித் தண்ணீரை வடித்தார்கள். ஜனவரியில் கேமராக்காரர் வந்தார். பின்சந்து வழியாகக் கேமராவை விட்டுத் திரையில் காட்டினார். என் புதுச் சுவரின் கனத்தில் மண்குழாய் நசுங்கி, பள்ளமாகி, அதில் கொழுப்பு கல் மாதிரி உறைந்து கிடந்தது.

"இது ஒரே நாள்ல வந்த அடைப்பு இல்ல," என்றார். "நவம்பர்லயே மேல் வீடுகள்ல தெரிஞ்சிருக்கணும். யாருமே போன் பண்ணலையே? அப்பவே சொல்லியிருந்தா, பின்சந்துலேர்ந்து தண்ணிய அடிச்சு விட்டிருப்போம். ரூமை என்ன பண்றதுன்னு அப்புறம் நிதானமாப் பேசியிருக்கலாம்."

பவுலாவும் ஹனீஃபும் வேலி ஓரமாக நின்றார்கள். இரண்டு பேரும் தங்கள் காலணிகளையே பார்த்தார்கள்.

"பவுலா?" என்றேன்.

"என் முற்றத்து வடிகால்ல நவம்பர் பாதியிலேர்ந்து தண்ணி நின்னுச்சு," என்றாள். "வாளியில மொண்டு மொண்டு சந்துல ஊத்தினேன். கிறிஸ்துமஸுக்கு எங்க அக்கா வந்தா, அவ வாய் சும்மா இருக்காது, உன் காதுல விழற மாதிரி எதாவது சொல்லிடுவா. அதான் பழைய தலையணையைப் பையில போட்டு வடிகாலுக்குள்ள திணிச்சு, மேல ரெண்டு கல்லை வெச்சேன்."

"திணிச்சியா?"

"என் முற்றத்துல பொங்கி வராம இருக்கட்டும்னு."

சரிவில் அவள் வீடு மேலே இருந்தாலும், வீட்டுத் தரை மட்டத்துக்கு உயர்த்திக் கட்டிய என் அறையைவிட அவள் முற்றம் இரண்டு படி தாழ்வு. அங்கே வழிய வேண்டியதுதான் வழியில்லாமல் என் புருஷன் கட்டிலுக்கு ஏறி வந்தது.

"ஹனீஃப், நீங்க?"

"எங்க கழிப்பறை குமுறிக்கிட்டே இருந்துச்சு. பெரியவன் வீட்டுக்குப் போய்க் குளிச்சோம். ஒரு மாசம்தானே."

"ஏண்டி சொல்லல?" என்று பவுலாவைப் பார்த்துக் கத்தினேன். தெருவே கேட்டிருக்கும். "வாய் இருக்கில்ல? வாயில கொழுக்கட்டையா? ஒரு வார்த்தை! ஒரே ஒரு வார்த்தை வந்து சொல்றதுக்கு என்ன?"

பவுலா அழுதாள். "எப்படி ஐரீன் சொல்றது? அவர் இப்பத்தான் வந்திருந்தார். ஜன்னல்ல உன் முகத்தைப் பாத்தேன். பாட்டு வேற பாடிக்கிட்டிருந்தே. எந்த வாயால வந்து சொல்றது?"

அவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள் என்று குறை சொல்ல நான் யார்? சொல்ல முடியாதவர் ஒருவர் என் வீட்டுக்குள்ளேயே விடாமல் சொன்னார். அவருக்குச் செருப்பை எடுத்துக் கொடுத்தவள் நான்.

கடிதம் வந்தது. அறையை இடிக்க வேண்டும், குழாயைத் தோண்டி மாற்ற வேண்டும், மேன்ஹோல் திறந்த வெளியில் இருக்க வேண்டும், அந்த இடத்தில் மறுபடி கட்ட அனுமதி கிடையாது. இரண்டு பக்கம். ஷேனே வந்து இடித்தான், என் முகத்தைப் பார்க்காமல். சமூக நல அலுவலகத்துப் பெண்ணும் வந்தாள், என் கையைப் பிடித்துக்கொண்டு நிரந்தரம் என்று சொன்னாள். பவுலா கேக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போனாள். ஹனீஃப் வீட்டிலிருந்து இரண்டு நாளுக்கு ஒருமுறை சோறு வந்தது. ஒருவர்கூட ஒரு குறை சொல்லவில்லை. சொன்னால் தேவலை என்று இருந்தது.

மூடி மறுபடி வெயிலில் கிடக்கிறது, புது இரும்பு. சுற்றிலும் இரண்டடி உயரத்துக்கு என் சுவரின் மிச்சம்.

மார்ச்சில்தான் ஹெட்லியிடம் சொன்னேன். அதுவரைக்கும் ஒவ்வொரு சனிக்கிழமையும், ரூமில் ஈரம் காயட்டும், கொஞ்ச நாள்தான் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவரும் "சரி சரி" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அன்று நாற்காலியைக் கிட்டே இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"ரூம் இல்ல ஹெட்லி. இடிச்சாச்சு. நீ கைகாட்டினப்பவே எனக்குப் புரிஞ்சுது. செருப்பு இல்லேன்னு தெரியும். தெரிஞ்சேதான் அப்படிப் பண்ணினேன். இனிமே நீ வீட்டுக்கு வர முடியாது."

அவர் என்னையே பார்த்தார். கோபமாக ஒரு "சரி சரி" சொல்வார் என்று காத்திருந்தேன். அழுகையாக ஒன்று, எதுவாக இருந்தாலும் பரவாயில்லை, ஒன்று. வாயைத் திறக்கவே இல்லை. நான் எழுந்து கோட்டைப் போட்டுக்கொண்டபோது அவர் கை மடியிலேயே கிடந்தது. என் கோட்டுக் கையைப் பிடிக்கவில்லை. பிரிக்க விரல் எதுவும் இல்லை.

இல்லத்தில் வேலை பார்க்கிற கிரேஸ் தேநீர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"ஹெட்லி ராசா, டீக்கு பிஸ்கட் வேணுமா?"

"சரி சரி," என்று அவளிடம் சொன்னார்.